முனவ்வறாவின் கொப்பியில் இல்லாத சாவல்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்கு வெட்கமாகப் போய்விடும்.

எண்பத்து நான்காம் ஆண்டு, ஒரு மத்தியானம், அக்கரைப்பற்றிலிருந்து கல்முனைக்கு வரும் பஸ். ஜன்னல் ஓரத்தில் ஒரு வயதானவர் இருந்தார். பக்கத்தில் நான். அவர் மடியில் ஓர் ஓலைக்கூடை இருந்தது, அதன் வாயை ஒரு பழைய சாரத்துண்டால் மூடிக் கட்டியிருந்தார். சனம் நெருக்கியதில் கூடை பாதி அவர் மடியிலும் பாதி என் தொடையிலுமாக வந்து சேர்ந்தது. உள்ளே கோழி. அது அசையவுமில்லை, கத்தவுமில்லை. அதன் சூடு மட்டும் ஓலை வழியாக இறங்கி வந்துகொண்டே இருந்தது. அப்படி ஒரு சூடு தொடையில் இருந்தால் யாருக்கும் தூக்கம் வரும். நிந்தவூர் வருவதற்குள் நான் தூங்கிவிட்டேன். சாய்ந்தமருதில் கண் விழித்தபோது ஆளுமில்லை, கூடையுமில்லை.

தூங்குவதற்குச் சற்று முன்னால், துணி விலகிய இடத்தால் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தக் கால் வெள்ளையா, மஞ்சளா? பார்த்தது சத்தியம். நிறம்தான் ஞாபகமில்லை.

இப்போது எண்பத்தெட்டு. நான்கு வருடமாக அந்தக் காலுக்கு ஒரு கோழியைத் தேடினேன். கோழிக்கு ஒரு வீட்டு வளவு தேவைப்பட்டது. வளவுக்கு ஒரு பெண் தேவைப்பட்டாள். பெண் வந்தபோது கையில் ஒரு கொப்பியோடு வந்தாள். அதற்குப் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2

முதல் தொடக்கம்: "கடல் இரைச்சல் ஓய்ந்திருந்த ஒரு விடியற்காலையில், சாய்ந்தமருதுக் கரையில் தோணிகள்—"

வெட்டிவிட்டேன். கோழிக் கதைக்குத் தோணி எதற்கு? எங்கள் பக்கத்தில் எழுதுகிறவர்களுக்கு முதல் வரியில் கடலைக் கொண்டுவராவிட்டால் கை ஓடாது.

இரண்டாம் தொடக்கம்: "லைட் சசெக்ஸ் என்பது இங்கிலாந்தில் தோன்றிய கோழி இனமாகும். இதன் உடல் வெண்ணிறமாகவும் கழுத்தும் வாலும்—"

இது பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்கு. உங்களுக்கு நான் இரண்டே வரியில் சொல்லிவிடுகிறேன். உடம்பு வெள்ளை, கழுத்தில் வெள்ளைக் கரை வைத்த கறுப்பு, வால் கறுப்பு, கால் வெள்ளை. ஊரில் இதற்குக் கவுண்மேந்துக் கோழி என்று பெயர், ஏனென்றால் அறுபத்தைந்தாம் ஆண்டில் கவுண்மேந்துதான் வீடு வீடாகக் கொடுத்தது.

மூன்றாம் தொடக்கம்: "முனவ்வறாவுக்குப் பிள்ளைகள் இல்லை."

உண்மைதான். ஆனால் முதல் வரியிலேயே இதைப் போட்டால் நீங்கள் அவளுக்காக இரங்கத் தொடங்கிவிடுவீர்கள். அது அவளுக்குப் பிடிக்காது. இரங்காமல் ஞாபகத்தில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காவது தொடக்கம் நின்றுவிட்டது:

எண்பத்திரண்டாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு காலை, கோழி ஐயா தன் சைக்கிளை முனவ்வறா வீட்டு வாசற்கடப்படியில் சாத்திவிட்டுக் கனைத்தார்.

கோழி ஐயா என்பது ஊர் வைத்த பெயர். சொந்தப் பெயர் நல்லரெத்தினம், ஊர் சொறிக்கல்முனை, உத்தியோகம் கால்நடைப் போதனாசிரியர். அடுத்த வருடம் ஓய்வு. கரையோரத்தில் அவர் ஊசி போடாத கோழியும் இல்லை, தேத்தண்ணி குடிக்காத வீடும் இல்லை. அன்று அவருடைய சட்டைப் பையில் நான்காக மடித்த ஒரு படிவம் இருந்தது.

படிவத்தின் கதை இது. எழுபத்தெட்டுக் கார்த்திகைச் சூறாவளியில் கவுண்மேந்துப் பண்ணையொன்றின் கூரை இறங்கி, அங்கிருந்த சசெக்ஸ் கோழிகள் அவ்வளவும் செத்துப்போயின. இப்போது அந்த இனத்தை மறுபடி தொடங்க வேண்டுமாம். முன்பு ஊர்களுக்குக் கொடுத்த கோழிகளின் வாரிசு எங்காவது கலப்பில்லாமல் இருந்தால், அதையே வித்தாக எடுக்கலாம் என்று மேலிடத்தில் முடிவு. எந்த வீட்டிலிருந்து எடுக்கிறார்களோ அந்த வளர்ப்பாளரின் பெயராலேயே அந்த வழி பண்ணைப் பதிவில் ஏறும். முனவ்வறா வழி என்று, பண்ணை இருக்கும் மட்டும் இருக்கும்.

நல்லரெத்தினம் இருபத்தாறு வீடு ஏறி இறங்கிவிட்டார். எல்லா இடத்திலும் கறி, அல்லது கலப்பு. இது கடைசி வீடு. படிவத்தின் அடியில் ஒரேயொரு வரி அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது: சுத்த இனம் / கலப்பு. வேண்டாததை வெட்டுக.

3

இங்கே நான் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். முதற்பிரதியில் நல்லரெத்தினத்தை முறைப்பான ஆளாக எழுதியிருந்தேன். மீசை, கறார், சட்டம். அந்த ஆள் மூன்று பக்கம் நடந்தார், மூன்று பக்கத்திலும் ஒரு மூச்சு விடவில்லை. அவரை அனுப்பிவிட்டு, கோழிகளைக் கண்டதும் செருப்பைக் கழற்றுகிற ஒரு மனிதரைக் கூப்பிட்டேன். இவர் வந்தார்.

முருங்கை மரத்தடியில் அவை நின்றன. ஆறு பேட்டுக் கோழிகள். காலை வெயில் இலைகளுக்குள்ளால் விழுந்து விழுந்து அசைந்ததில், வெள்ளை எங்கே முடிகிறது வெயில் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. கறுத்தக் கழுத்துகள் மட்டும் தனியே மிதந்து மிதந்து தரையைக் கொத்தின. நல்லரெத்தினத்துக்கு ஒரு கணம் தான் முப்பத்தெட்டு வயதில் நிற்பதாகவே தோன்றியது. இதே வளவு. அன்று அவர் சைக்கிளில் இரண்டு பேடும் ஒரு சாவலும் கொண்டுவந்து இறக்கினார். கலியாணம் முடித்து ஒரு மாதமான ஒரு பெண் கதவுக்குப் பின்னால் நின்று, "இதுகளுக்கு என்ன தீன் குடுக்குற?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் இப்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முற்றத்துக்கு வந்தாள்.

"வாங்க ஐயா. உங்கட மக்களப் பாக்க வந்தீங்களா?"

"ஓம் தங்கச்சி. நீங்க வளத்த வளர்ப்பப் பாக்க வந்தன்."

பக்கத்துக் கொட்டிலில் தறிச் சத்தம் நின்றது. முனவ்வறாவின் புருசன் மீராமுகைதீன் தலையை நீட்டினார். அவர் மருதமுனைக்காரர். எங்கள் வழக்கப்படி கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்கு வந்தவர், வரும்போது தறியையும் கொண்டுவந்தவர்.

"கோழி ஐயாவா? இரிங்க, இரிங்க. புள்ள, தேத்தண்ணி போடு. இவருக்கு எண்டா அந்தக் கொப்பியக் காட்டாம விடமாட்டாய்."

முனவ்வறா கொப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள்.

4

கொப்பியைப் பற்றி.

பாடசாலைக் கொப்பி. மட்டைக்குச் சேலைத்துணி போட்டுத் தைத்திருந்தது. முதல் பக்கத்தில் நடுவால் ஒரு கோடு. கோட்டுக்கு ஒரு பக்கம் 'பெரியவள் குடி', மறுபக்கம் 'சின்னவள் குடி'. அன்று வந்து இறங்கிய இரண்டு பேடுகளுக்கு அவள் வைத்த பெயர்கள் அவை. அதன் கீழே பெரியவள் மகள் வெள்ளையம்மா, வெள்ளையம்மா மகள் கசவு, கசவு மகள் பவுணு என்று பக்கம் பக்கமாக இறங்கிப் போயிருந்தது. பதினேழு வருடம். பிறந்த மாதம், இட்ட முட்டை, அடை வைத்த நாள், செத்த காரணம். எழுத்து போகப் போகச் சின்னதாகியிருந்தது, கொப்பி முடிந்துவிடுமே என்ற பயத்தில்.

(* வெளியூர் வாசகருக்கு: எங்கள் பக்கத்தில் குடி தாய் வழியாக வரும். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. ஒரு குடிக்காரர் எல்லாரும் அண்ணன் தங்கை முறை. முனவ்வறாவின் சொந்தக் குடியின் பெயரை இந்த இடத்தில் எழுதி, வெட்டிவிட்டேன். அந்தக் குடிக்காரர் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், சண்டைக்கு வருவார்கள். ஆனால் முனவ்வறாவின் உம்மா வழியில் அவள்தான் கடைசி. சகோதரி இல்லை, மகள் இல்லை.)

நல்லரெத்தினம் கொப்பியைப் புரட்டப் புரட்ட அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. எந்தப் பண்ணையிலும் இப்படி ஒரு பதிவை அவர் கண்டதில்லை. இரண்டாம் முறை புரட்டும்போதுதான் ஒன்று தட்டுப்பட்டது.

"தங்கச்சி, இதுல சாவல் ஒண்டையும் காணல்லயே?"

"சாவலா?" முனவ்வறா உண்மையிலேயே விளங்காமல் பார்த்தாள். "சாவல என்னத்துக்கு ஐயா எழுதுற? அது வந்து போறதானே."

மீராமுகைதீன் கொட்டிலுக்குள் இருந்து சிரித்தார். "ஐயா, இந்த வளவுல எழுதாம உட்ட சாவல் நானும் ஒண்டு."

"சும்மா இரிங்க நீங்க," என்றாள் முனவ்வறா, ஆனால் அவளும் சிரித்தாள். நல்லரெத்தினம் சிரிக்கவில்லை. கொப்பியை மூடி அவளிடம் கொடுத்துவிட்டு, பேடுகளைத் தூக்கிப் பார்க்க எழுந்தார்.

5

கோழி பார்க்கிற விதம் ஒன்று உண்டு. அதை அவர் அவசரப்படாமல் செய்தார். பேட்டைத் தூக்கி, தலை பின்பக்கம் வர இடது கைக்குள் இடுக்கினார். சொண்டைத் தொட்டார், கண்ணைப் பார்த்தார். பிறகு குனிந்து, முதுகுச் சிறகின்மேல் மெதுவாக ஊதினார். ஊதினால் மேற்சிறகு விரிந்து உள்ளே இருக்கிற தும்பு தெரியும். அது கடைசி மட்டும் வெள்ளையாக இருக்க வேண்டும். பிள்ளையின் சோற்றை ஊதி ஆற்றுகிற மாதிரி ஊதினார். கோழிகளுக்கு அது பிடித்திருக்க வேண்டும், ஒவ்வொன்றும் கண்ணை மூடிக்கொண்டது.

முதலாவது பவுணு. நான்கு வயதுக் கிழவி. ஊதினார், அடி மட்டும் வெள்ளை. கழுத்துக் கறுப்பு, மசியால் கீறினது போலத் தெளிவு. கால் வெள்ளை. நல்லரெத்தினத்தின் வாயிலிருந்து "ஆ..." என்று ஒரு சத்தம் வந்தது.

இரண்டாவது, பவுணின் மகள். கழுத்துக் கறுப்பு கொஞ்சம் கரைந்திருந்தது. கால் வெள்ளை. மூன்றாவதும் அப்படி. நான்காவதின் முதுகில் இரண்டொரு கறுப்புப் புள்ளி. ஐந்தாவது போகட்டும். ஆறாவது பவுணின் பேத்தி, இந்த வருடம்தான் முட்டையிடத் தொடங்கிய குமர். முனவ்வறா அதைத் தானே தூக்கிக் கொடுத்தாள். "இதுதான் ஐயா எல்லாத்துலயும் வடிவு" என்றாள்.

வடிவுதான். நல்லரெத்தினம் அதன் காலைத் துடைத்தார். சேறு என்று நினைத்தார். எச்சில் தொட்டு இன்னொரு முறை துடைத்தார். மஞ்சள் போகவில்லை.

[இந்த இடத்தில் எனக்குப் பேனை நின்றுவிட்டது. இரண்டு கிழமை நான் இந்தப் பக்கத்துக்கு வரவில்லை. அவர் அந்தக் காலைப் பிடித்தபடியே இரண்டு கிழமை குந்தியிருந்தார். மன்னித்துக்கொள்ளட்டும்.]

மஞ்சள் கால் ஒளிந்திருந்து வருகிற சாமான். மகளில் தெரியாது, பேத்தியில் தெரியும். எங்கேயோ ஒரு மஞ்சள்காலன் இந்த வளவுக்குள் வந்துபோயிருக்கிறான். ஒரு முறையல்ல.

"இதுர தகப்பன் எது தங்கச்சி?"

"முகம்மது தம்பி வீட்டுச் சாவல். இதுர உம்மாட தகப்பன், சாலிஹ் வீட்டுச் சாவல். ரெண்டும் நல்ல வெள்ள ஐயா. நல்ல வீட்டுச் சாவல், கண்டதுகளோட திரியாதுகள். நான் பாத்துத்தான் எடுத்தன்."

"உங்கட சாவல் எங்க? நான் தந்த சாவல்ர வழி?"

முனவ்வறாவின் முகம் மாறியது. ஒரு மாப்பிள்ளையை ஏன் வேண்டாம் என்றாய் என்று கேட்டால் பெண் வீட்டார் முகம் மாறுமே, அப்படி.

6

சூறாவளியை நான் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் எழுதிவிட்டார்கள், நானும் இரண்டு முறை எழுதியிருக்கிறேன். மறுநாள் காலையை மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் காலை கூரை இல்லை, தென்னை இல்லை, கோழிக்கூடு இருந்த இடமே தெரியவில்லை. முற்றத்தில் கந்தூரிக்குச் சோறு ஆக்குகிற பெரிய கிடாரம் கவிழ்ந்து கிடந்தது. காற்று எழும்பியபோது முனவ்வறா கூட்டுக்குள் கையை விட்டு, அகப்பட்டதைப் பிடித்து, அந்தக் கிடாரத்தின் கீழே போட்டுக் கவிழ்த்திருந்தாள். இரண்டுதான் அகப்பட்டன. காலையில் மீராமுகைதீனும் அவளுமாகக் கிடாரத்தை நிமிர்த்தினார்கள். ஒரு பேடும் ஒரு சாவலும் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு வெளியே வந்தன.

"ரெண்டும் கசவுட புள்ளையள் ஐயா," என்றாள் முனவ்வறா. "பவுணும் அவட கூடப்பொறந்தவனும். ஒரே அடையில பொரிச்சது. சின்னவள்ர குடியில ஒரு குஞ்சும் மிஞ்சல்ல. அதுவரைக்கும் நான் பெரியவள்ர குடி மகனுக்குச் சின்னவள்ர குடி மகளத்தான் உட்ட. அங்கத்தயான இஞ்ச, இஞ்சத்தயான அங்க. ஒரு நாளும் முறை பிசகல்ல."

நல்லரெத்தினம் விரலை மடித்துக் கணக்குப் பார்த்தார். எந்தப் புத்தகமும் படிக்காமல் இந்தப் பெண் பதின்மூன்று வருடம் அந்த இனத்தைக் கலப்பில்லாமல் காப்பாற்றியிருக்கிறாள்.

"மறுகா?"

"மறுகா ரெண்டு மாசத்தால அது செட்டைய இறக்கிக்கிட்டுத் தங்கச்சியச் சுத்துது ஐயா." அவள் குரல் தாழ்ந்தது. "கண்ணால பாக்க ஏலாமப் போயித்து. ஊட்டுக்குள்ள ஆரும் ஆக்கள் வந்தாலும் வெக்கம். கூடைல கட்டி, வாவிக்கு அங்கால சவளக்கடைல இரிக்கிற ஹப்ஸா மச்சிக்கு அனுப்பிட்டன். வெளிக்குடிச் சாவல் எடுத்தன். அது பிழையா?"

நல்லரெத்தினம் பவுணைத் தூக்கி மடியில் வைத்தார். இந்தக் கரையில் மிஞ்சியிருந்த கடைசிச் சோடி அது. அதை வைத்தே இனத்தைத் திருப்பியிருக்கலாம். இவள் அதை மானத்துக்காகப் பிரித்துவிட்டாள். அவர் அதை அவளிடம் சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக, பவுணைத் தடவிக்கொண்டே சொன்னார்.

முனவ்வறா கொப்பியைத் திறந்தாள். விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு வந்தாள்.

"பெரியவள் மகள் வெள்ளையம்மா. அவ மகள் கசவு. அவ மகள் பவுணு. பவுணு மகள், மகளுக்கு மகள். ஒரு இடத்துலயும் அறல்ல ஐயா. ஒரு இடத்துலயும் அறல்ல. எப்பிடி இது கலப்பாகும்?"

இந்தக் கேள்விக்கு நல்லரெத்தினத்திடம் ஒரு பதில் இருந்தது. சசெக்ஸ் கோழியில் மகளுக்கு அந்த வெள்ளை தகப்பனிடமிருந்துதான் வரும், தாய் மகளுக்கு அதைக் கொடுக்க முடியாது. விஞ்ஞானம் அப்படித்தான் சொல்கிறது. இந்த வசனத்தை நான் மூன்று முறை அவர் வாயில் வைத்தேன், மூன்று முறையும் வெட்டினேன். பதினேழு வருடம் தாய்மாரை எழுதிவைத்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்கிற மனிதர் என் கதைக்கு வேண்டாம்.

"பாப்பம் தங்கச்சி," என்றார். அவ்வளவுதான். படிவம் பைக்குள்ளேயே இருந்தது.

7

அடுத்த பகுதியின் முதற்பிரதியில் ஹப்ஸா சாவலைக் கறியாக்கிவிட்டிருந்தாள். சாவல் செத்தால் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சம். 'சுத்த இனம்' என்பதை வெட்டிவிட்டு, ஒரு பெருமூச்சோடு கதையை முடித்துவிடலாம். முடித்தும் விட்டேன். ஆனால் அன்றிரவு படுக்கையில் தொடையில் அந்தச் சூடு திரும்ப வந்தது. எழுந்து வந்து சாவலை உயிரோடு வைத்தேன்.

மறுநாள் காலை நல்லரெத்தினம் சவளக்கடைக்குப் போகிற கிட்டங்கித் தாம்போதியில் சைக்கிளை மிதித்தார். இரண்டு பக்கமும் தண்ணீர், தண்ணீருக்கு மேல் பனிப்புகார். எது வானம், எது வாவி என்று தெரியவில்லை. சைக்கிள் போவது மாதிரியும் இருந்தது, நிற்பது மாதிரியும் இருந்தது. தாம்போதி முடிந்ததும் வயல். வெட்டி முடிந்த வயலெங்கும் வெள்ளை வெள்ளையாக ஏதோ மேய்ந்தன. அத்தனையும் சசெக்ஸ், நூறு, இருநூறு சசெக்ஸ் என்று அவருக்கு நெஞ்சு துள்ளியது. கிட்டப் போனதும் அவை கொக்குகளாகிப் பறந்தன. அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் சரியாகத் தெரியாது.

ஹப்ஸா வெட்டின நெல்லைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தச் சாவலா? இரிக்கி ஐயா. ஆரு அறுக்க உட்ட? எங்கட ஊட்டு மாப்பிள்ள அது."

"மாப்பிள்ளையா?"

"பேரு ஐயா. வெளியூர்ல இருந்து வந்து, உக்காந்து தின்னுதே. மாப்பிள்ளதானே."

வைக்கோற்போரின் உச்சியில் அது நின்றது. நான்கு வயது. வெள்ளை மேனியில் கறுத்தக் கழுத்துச் சிலிர்க்க, வயலைப் பார்த்து ஒரு முறை கூவியது. நல்லரெத்தினம் செருப்பைக் கழற்றினார்.

8

இனி வருவது கடைசிக் காட்சி. இதற்கு மேல் எனக்கு வழி தெரியவில்லை, ஆகையால் மெதுவாகப் போகிறேன்.

முனவ்வறாவின் முற்றம். கூடை முருங்கையடியில் இருக்கிறது. உள்ளே மாப்பிள்ளை. ஐந்து பாகத் தூரத்துக்கு அப்பால் பவுணு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. நடுவில் முனவ்வறா நிற்கிறாள். தறிச் சத்தம் இல்லை.

நல்லரெத்தினம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். இவை இரண்டும் சேர்ந்தால், பவுணு இடுகிற முட்டையில் பொரிக்கிற குஞ்சு சுத்தம். படிவத்தில் பொய்யில்லாமல் கையொப்பம் வைக்கலாம். முனவ்வறா வழி பண்ணைக்குப் போகும். சேராவிட்டால் அவர் ஒரு சொல்லை வெட்ட வேண்டியதுதான்.

"அதுகளுக்குத் தெரியுமா ஐயா," என்று முனவ்வறா கேட்டாள், "தாங்க ஆரெண்டு?"

"தெரியா தங்கச்சி. எழுதி வெச்ச நீங்கதானே."

அவள் கொப்பியைப் பார்த்தாள். கொட்டில் வாசலில் மீராமுகைதீன் வந்து நின்றார். அவர் ஏதோ பகிடி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன், அதற்காக ஒரு வரியும் விட்டுவைத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. "உன்ட விருப்பம் புள்ள," என்றார். "நீ எத எழுதினாலும் நான் ஒத்துக்குறன்."

முனவ்வறா கடைசியாகக் கேட்டது இது. மிகவும் தாழ்ந்த குரலில், கூடையைப் பார்த்துக் கேட்டாள்.

"இதுக்கு ஹப்ஸா மச்சி என்ன பேரு வெச்சிரிக்கா?"

நல்லரெத்தினம் பெயரைச் சொன்னார். அவள் பேனையை எடுத்தாள்.

9

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன.

ஒன்று. பவுணு என்ற பெயருக்குப் பக்கத்தில், பதினேழு வருடத்தில் முதன்முறையாக, ஒரு சாவலின் பெயரை எழுதுகிறாள். கூடையின் கட்டை அவிழ்க்கிறாள். இதில் பண்ணை வெல்கிறது, முனவ்வறாவின் பெயர் பதிவேறுகிறது. ஆனால் அந்தக் கோழிகள் முற்றத்தில் நிற்க, பக்கத்து வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்க்க, அவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்? எனக்கு எழுதத் தெரியவில்லை.

இரண்டு. கூடையை அப்படியே சவளக்கடைக்குத் திருப்பி அனுப்புகிறாள். "நான் என்ட கொப்பியோட இரிந்துக்குறன் ஐயா" என்கிறாள். நல்லரெத்தினம் ஒரு சொல்லை வெட்டுகிறார். அந்த மஞ்சள்காலிக் குமர் அவர் காலடியில் வந்து நிற்கிறது, எல்லாத்திலும் வடிவாக. இது நேர்மையான முடிவு. இதை எழுதினால் என்னால் சோறு தின்ன முடியாது.

மூன்று. அவர் பொய் சொல்கிறார். மற்றச் சொல்லை வெட்டுகிறார். தாய்க்கு மகள், மகளுக்கு மகள், ஒரு இடத்திலும் அறாத வழிக்குச் சுத்தம் என்று ஏன் எழுதக் கூடாது? எந்தச் சட்டப்படி? எனக்கு இதுதான் ஆசை. ஆனால் பண்ணையில் இரண்டாம் வருடம் மஞ்சள் கால்கள் பொரிக்கும், அப்போது முனவ்வறாவின் பெயரை எல்லாரும் எப்படிச் சொல்வார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். வெட்டிவிட்—

வெட்டவில்லை. இருக்கட்டும்.

10

உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. எண்பத்து நான்கில், அக்கரைப்பற்று பஸ்ஸில், ஓய்வுபெற்ற ஒரு உத்தியோகத்தர் மடியில் கூடையோடு என் பக்கத்தில் இருந்தார். அவர் யாரென்று எனக்கு இப்போது தெரியும், நான்தானே அவரை எழுதினேன். எங்கேயோ ஒரு வீட்டுக்கு ஒரு கோழியைக் கொண்டுபோனார். முனவ்வறாவின் வளவிலிருந்து, பவுணின் வழியில் வந்த ஒன்று.

அந்தக் கால் வெள்ளையென்றால் அவள் கூடையை அவிழ்த்திருக்கிறாள். மஞ்சளென்றால் அவிழ்க்கவில்லை.

அந்தத் துணியை ஒரு விரலால் விலக்கியிருந்தால் போதும். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். அவர் சொல்லியிருப்பார், சொல்ல ஆளில்லாமல்தான் இருந்திருப்பார். அவளுடைய பதினேழு வருடம் சூடாக என் தொடையில் இருந்தது, நான் தூங்கிவிட்டேன். அதற்காக முனவ்வறாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் நீங்கள் தூங்கவில்லை, இவ்வளவு தூரம் விழித்திருந்தே வந்துவிட்டீர்கள். இந்தாருங்கள் படிவம். நான்காக மடித்த அடையாளம் இருக்கும், பரவாயில்லை. முற்றத்தில் முனவ்வறா இன்னும் பேனையோடு நிற்கிறாள், பவுணு இன்னும் மண்ணைக் கிளறுகிறது, கூடைக்குள் மாப்பிள்ளை சத்தமில்லாமல் இருக்கிறது. உங்கள் கையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள்.

சுத்த இனம் / கலப்பு.

வேண்டாததை வெட்டுக.